ஒரு கடிதம் போதுமாக இருந்தது: ஸ்னூக்கரைத் தந்த சேம்பர்லெய்னின் கதை

ஹற்றனில் ஆடி மாதத்து மழை பிடித்தால் இலேசில் விடாது. தோட்டச் சம்பளம் பற்றிய ஒரு செய்திக்காகப் போயிருந்த நான், மாலை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நகரில் ஒரு மாடிக் கடையில் ஒதுங்கினேன். மேலே இரண்டு மேசைகள் போட்டு ஸ்னூக்கர் விளையாட விட்டிருந்தார்கள். விளையாடியவர்களை விட வாதாடியவர்கள்தான் அதிகம். இந்தக் கோல் விளையாட்டுகளில் யார் பெரிய ஆள் என்பதுதான் விவாதம்.

முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞர் ஒருவருக்கு இங்கிலாந்தின் ரொனி ஓ'சுலிவனைத் தவிர வேறு பெயர் வாயில் வரவில்லை. ஏழு முறை உலகச் சாம்பியன், இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார், வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் ஸ்னூக்கரையே ஒதுக்கிவிட்டு, அமெரிக்காவின் ஸ்ட்ரெய்ட் பூல்தான் உண்மையான சோதனை என்றார். எந்தப் பந்தை எந்தக் குழியில் போடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடவேண்டும், போட்ட ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, தவறும்வரை தொடரலாம். 1954இல் ஒஹாயோ மாநிலத்தில் வில்லி மொஸ்கோனி என்பவர் தவறாமல் 526 பந்துகளைப் போட்டார். அறுபத்தைந்து வருடங்கள் அதை யாரும் தாண்டவில்லை. 2019இல் ஜோன் ஷ்மிட் 626 போட்டார். 2022இல் ஜேசன் ஷா 714 போட்டார். ஆகவே உயிரோடு இருப்பவர்களில் ஷாதான் பெரியவர் என்று அவர் முடித்தார்.

மூலையில் இருந்த ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஐயா ஒருவர் அதுவரை பேசவில்லை. இந்த நாட்டின் முதலாவது உலகச் சாம்பியன் யார் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். எல்லோரும் 1996 கிரிக்கெட் அணியைச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் வென்ற எம்.ஜே.எம். லாபிர் என்ற முஸ்லிம் விளையாட்டு வீரர்தான் எந்த விளையாட்டிலும் இலங்கைக்கு முதல் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தவர். 1981இல் இறந்துபோனார். அந்த மாடியில் இருந்த ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

பிறகு ஐயா தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப் ஒன்றில் அவர் மார்க்கராக இருந்தாராம். பந்துகளை எடுத்து வைப்பதும், புள்ளிப் பலகையை நகர்த்துவதும், கோலுக்குச் சோக்கு பூசிக் கொடுப்பதும், மேசையின் பச்சைத் துணியைத் தூரிகையால் தடவி வைப்பதும் மார்க்கரின் வேலை. துரைமார் போன பிறகு, விளக்கை அணைக்கும் முன், தகப்பனார் தனியாக ஒன்றிரண்டு பந்துகளைப் போட்டுப் பார்ப்பாராம். அவர் எப்படி விளையாடினார் என்பதைப் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை என்று ஐயா சிரித்தார்.

இந்த விளையாட்டை முதலில் உண்டாக்கியது யார் என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கொழும்புக்குத் திரும்பிய பிறகு தேடத் தொடங்கினேன். அப்படித்தான் நெவில் சேம்பர்லெய்னின் வாழ்க்கைக்குள் போனேன். ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் செய்த பிரித்தானியப் பிரதமர் வேறு ஆள். இவர் சேர் நெவில் பிரான்சிஸ் ஃபிற்ஸ்ஜெரல்ட் சேம்பர்லெய்ன். படை அதிகாரி, பின்னாளில் பொலிஸ் தலைவர்.

மழைக்காலத்து யோசனை

சேம்பர்லெய்ன் 1856 ஜனவரி 13இல் பிறந்தவர். இங்கிலாந்தின் பிரென்ட்வுட் பாடசாலையிலும் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிலும் படித்து, 1873இல் டெவன்ஷயர் படைப்பிரிவில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். படைப்பிரிவு இந்தியாவில் இருந்தது. 1875இல் மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் அவர்கள் முகாமிட்டிருந்தபோது அவருக்கு வயது 19.

அந்த வருட மழைக்காலத்தில் அதிகாரிகளுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. போலோ இல்லை, வேட்டை இல்லை. உணவுமண்டபத்தில் இருந்த பில்லியட்ஸ் மேசையே கதி. அந்த மேசையில் அக்காலத்தில் பில்லியட்ஸ் மட்டுமன்றி பணம் வைத்து ஆடும் வேறு ஆட்டங்களும் நடந்தன. ஒன்று பிரமிட்ஸ்: பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, ஒவ்வொரு பந்தையும் குழியில் போட்டவருக்கு மற்றவர்கள் காசு கொடுப்பது. மற்றது லைஃப் பூல்: ஆளுக்கொரு நிறப் பந்து, பந்து குழியில் விழுந்தால் ஓர் உயிர் போய்விடும், கடைசிவரை நிற்பவருக்குப் பொதுவில் போட்ட காசு முழுவதும். பொதுவில் காசு சேர்ப்பதுதான் பூல் என்ற சொல்லின் மூலம். கறுப்புப் பந்து ஒன்றைச் சேர்த்து ஆடும் பிளாக் பூல் என்ற வகையும் இருந்தது.

சேம்பர்லெய்ன் செய்த காரியம் எளிமையானது. பிரமிட்ஸின் பதினைந்து சிவப்புகளையும் பூலின் நிறப் பந்துகளையும் ஒரே மேசையில் சேர்த்து, நிறத்துக்கு நிறம் பெறுமதி வைத்தார். முதலில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவை வந்தன. நீலமும் மண்ணிறமும் பிற்பாடு சேர்ந்தன. இன்று ஒரு சிவப்புக்கு 1 புள்ளியும், மஞ்சளின் 2இலிருந்து கறுப்பின் 7 வரையும் எண்ணுகிறோமே, அதன் விதை அந்த மழைக்கால மேசையில்தான் விழுந்தது. கனடாக்காரர் புகழ்ந்த ஸ்ட்ரெய்ட் பூலும் இதே பிரமிட்ஸின் வழிவந்ததுதான். அமெரிக்காவுக்குப் போன கிளை அது. இந்தியாவில் முளைத்த கிளை ஸ்னூக்கர். அந்த மாடியில் சண்டை போட்ட இருவரும் ஒரே தாய்வழிப் பிள்ளைகளின் கட்சிக்காரர்கள்.

பெயர் வந்த கதை அதைவிடச் சிறியது. இங்கிலாந்தின் வூலிச் இராணுவக் கல்லூரியில் பயின்ற இளம் அதிகாரி ஒருவர் ஜபல்பூருக்கு விருந்தினராக வந்தார். அங்கே முதலாம் வருட மாணவர்களைக் கேலியாக ஸ்னூக்கர் என்று அழைப்பார்கள் என்று சொன்னார். கற்றுக்குட்டி என்பது பொருள். ஆட்டத்தில் ஒருவர் கைக்கெட்டிய பந்தைத் தவறவிட்டபோது சேம்பர்லெய்ன் அவரை அந்தப் பெயரால் அழைத்தார். அந்த மனிதரின் முகம் மாறுவதைக் கண்டு, இந்தப் புதிய ஆட்டத்தில் நாம் எல்லோருமே கற்றுக்குட்டிகள்தான், ஆட்டத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிடலாம் என்று சமாளித்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஊட்டியில் ஒட்டிய காகிதம்

1876இல் அவர் டெவன்ஷயர் படையை விட்டு மத்திய இந்தியக் குதிரைப்படைக்கு மாறினார். ஆட்டமும் கூடவே போனது. பிறகு இரண்டாம் ஆப்கான் யுத்தம். அங்கே காயப்பட்டார். தளபதி பிரெடெரிக் ரொபேர்ட்ஸின் அணுக்க அதிகாரிகளில் ஒருவரானார். 1881இல் ரொபேர்ட்ஸ் சென்னை இராணுவத்தின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டபோது சேம்பர்லெய்னும் தெற்கே வந்தார். சென்னையின் வெயிலுக்குத் தப்பி ஆட்சியாளர்கள் நீலகிரிக்கு ஏறும் காலம் அது. 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியட்ஸ் அறையில் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. வாய்மொழியாக அலைந்த ஆட்டத்துக்கு எழுத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது தமிழ்நாட்டின் அந்த மலையில்தான்.

ஊட்டியை அறிந்தவர்களுக்கு நுவரெலியா புதிதல்ல. அதே குளிர், அதே ஏரி, அதே குதிரைப்பந்தயத் திடல், அதே மாதிரியான கிளப். நுவரெலியாவின் ஹில் கிளப் தொடங்கியது 1876இல். சேம்பர்லெய்ன் தன் புதிய ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு படைமாறிய அதே வருடம். சுதந்திரம் கிடைத்துப் பல வருடங்கள் ஆகும்வரை அந்தக் கிளப்பில் இந்த நாட்டவர்கள் உறுப்பினராக முடியவில்லை. அதன் பில்லியட்ஸ் அறை இன்றும் இருக்கிறது.

அதே 1876இல் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பசிக்குத் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறினார்கள். வழியில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். அடுத்து வந்த தேயிலைக்கும் அவர்களும் அவர்களது பிள்ளைகளுமே உழைத்தார்கள்.

முழு அளவு ஸ்னூக்கர் மேசை பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம். துணிக்கு அடியில் இருப்பது ஐந்து கற்பலகைகள். மொத்த எடை ஒரு தொன்னுக்கும் மேல். ஹற்றனுக்கு ரயில் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முன் மலைக்குப் போன பாரம் எல்லாம் மாட்டு வண்டியிலும் மனிதத் தோள்களிலும்தான் ஏறியது. துரைமாரின் பங்களாக்களுக்கும் கிளப்புகளுக்கும் போன பியானோவும் இரும்பும் கல்லும் யாருடைய தோளில் ஏறின என்பதைச் சொல்லும் பட்டியல் எதுவும் எந்தக் கிளப்பின் சுவரிலும் தொங்குவதில்லை.

1885இல் இங்கிலாந்தின் தலைசிறந்த பில்லியட்ஸ் வீரர் ஜோன் ரொபேர்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் கூச் பிகார் மகாராஜாவுடனான ஒரு விருந்தில் சேம்பர்லெய்னைச் சந்தித்து, கேள்விப்பட்ட புதிய ஆட்டத்தின் விதிகளைக் கேட்டு அறிந்துகொண்டு கப்பல் ஏறினார். ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனது. உண்டாக்கிய மனிதரோ அதை மறந்தவர் போலத் தன் உத்தியோகத்தைப் பார்த்தார். பர்மாப் படையெடுப்பு, காஷ்மீர் அரசின் இராணுவச் செயலாளர் பதவி, கைபர் கணவாயில் ஒரு படைக்குத் தலைமை, 1899இல் தென்னாபிரிக்க யுத்தத்தில் ரொபேர்ட்ஸின் தனிச் செயலாளர் என்று பிரித்தானியப் பேரரசு போகச்சொன்ன இடமெல்லாம் போனார்.

அயர்லாந்தின் பொலிஸ் தலைவர்

1900இல், 44 வயதில், அவருக்கு முற்றிலும் வேறொரு வேலை கிடைத்தது. றோயல் ஐரிஷ் கொன்ஸ்டபியூலரி எனப்பட்ட அயர்லாந்துப் பொலிஸின் தலைமை அதிபதி. 1903இல் சேர் பட்டமும் வந்தது.

அந்தப் படையைப் பற்றி நம்முடைய வாசகர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. சுமார் பத்தாயிரம் பேர். சாதாரண இங்கிலாந்துப் பொலிஸ்காரர் தடியோடு திரிந்தபோது, இவர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள், முகாம்களில் வசித்தார்கள். கீழ்நிலைக் கொன்ஸ்டபிள்களில் பெரும்பாலானோர் அயர்லாந்தின் கத்தோலிக்கர்கள். மேலதிகாரிகளில் பெரும்பாலானோர் புரட்டஸ்தாந்தினர். எந்தக் கிராமத்தில் எந்தக் கூட்டம் நடந்தது, யார் பேசினார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதி மேலே அனுப்புவது அவர்களது அன்றாட வேலைகளில் ஒன்று. பிரித்தானியக் காலனிகள் பலவற்றின் பொலிஸ் அந்த அச்சில் வார்க்கப்பட்டது. ஊருக்குள் இருந்துகொண்டே ஊரைக் கண்காணிக்கும் பொலிஸ் எப்படி இருக்கும் என்பதை வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்கள் புத்தகத்தில் படித்து அறியவேண்டியதில்லை.

சேம்பர்லெய்ன் பதினாறு வருடங்கள் அந்த நாற்காலியில் இருந்தார். கீழேயிருந்து வந்த தகவல்களைத் தொகுத்து டப்ளின் கோட்டையில் இருந்த நிர்வாகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். முதலாம் உலக யுத்தம் தொடங்கிய பின் அந்த அறிக்கைகளின் தொனி மாறியது. ஐரிஷ் தொண்டர் படை ஆயுதம் சேர்க்கிறது, சந்தர்ப்பம் வாய்த்தால் எழும் என்று அவர் எச்சரித்தார். அரசாங்கத்தின் அயர்லாந்துச் செயலாளர் ஒகஸ்டின் பிரெல்லும், துணைச் செயலாளர் மத்தியூ நாதனும் அதைப் படித்தார்கள். கைவைத்தால் நிலைமை மோசமாகும் என்று பேசாமல் இருந்தார்கள்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை, டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. அஞ்சல் தலைமையகத்தின் வாசலில் குடியரசுப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. ஆறு நாட்களில் பீரங்கியால் நகரின் நடுப்பகுதி இடிந்தது. 450க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் பொதுமக்கள். தலைவர்களில் பதினைந்து பேர் சுடப்பட்டார்கள். ரொஜர் கேஸ்மென்ட் ஓகஸ்ட் மாதம் தூக்கிலிடப்பட்டார். கிளர்ச்சியை விரும்பாத ஐரிஷ்காரர்களின் மனதையும் அந்த மரண தண்டனைகள்தான் திருப்பின.

நடந்ததை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் அப்போதுதான் இந்திய அரசப் பிரதிநிதி பதவி முடிந்து திரும்பியிருந்த ஹார்டிஞ் பிரபு. சேம்பர்லெய்ன் அங்கே சாட்சியமளித்தார். ஆணைக்குழு பிரதான பொறுப்பைப் பிரெல்லின் மேல் சுமத்தியது. பொலிஸ் தன் கடமையைச் செய்தது, தகவல் முன்பே கொடுக்கப்பட்டது என்று ஏற்றுக்கொண்டது. பிரெல்லும் நாதனும் பதவி விலகினார்கள். குற்றமில்லை என்று சொல்லப்பட்ட சேம்பர்லெய்னும் அதே வருடம் விலகினார். அவருக்கு வயது 60. அவர் நடத்திய படை 1922இல், அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்துபோன வருடத்தில், கலைக்கப்பட்டது.

இவரை நல்லவர் என்று சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஒரு மக்களின் மண்ணில் இன்னொரு மக்களின் ஆட்சியைக் காக்கப் போன மனிதர் அவர். அவர் எச்சரித்ததும் அந்த ஆட்சியைக் காப்பாற்றத்தான். ஆனால் கையில் பதவியும் படையும் அறிக்கையும் இருந்தும் தன் சொல் மேசையில் கிடந்து மக்கிப்போவதைப் பார்த்தவர் என்ற வகையில் அவரது வாழ்க்கையின் அடுத்த கட்டம் எனக்கு முக்கியமாகப் பட்டது.

63 வருடங்களுக்குப் பின் ஒரு கடிதம்

ஓய்வுபெற்ற சேம்பர்லெய்ன் இங்கிலாந்தின் ஆஸ்கொட் பகுதியில் வாழ்ந்தார். அந்த இருபது வருடங்களில் அவர் விட்டெறிந்த ஆட்டம் பெரிய விளையாட்டாகிவிட்டது. 1927இல் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. வென்றவர் ஜோ டேவிஸ். பரிசுப் பணம் ஆறு பவுண் பத்து ஷில்லிங். 1946இல் அவர் அந்தப் போட்டியிலிருந்து விலகும்வரை பதினைந்து பட்டங்கள், ஒரு தோல்வியும் இல்லை. மிகப் பெரியவர் யார் என்ற சண்டையில் இன்றும் அவர் பெயர் இல்லாமல் போகாது.

ஆட்டம் பெரிதானதும் அது எங்கே பிறந்தது என்ற கேள்வியும் பெரிதானது. வூலிச்சில் பிறந்தது என்றார்கள் சிலர். வேறு படைப்பிரிவுகளையும் வேறு ஆட்களையும் சொன்னவர்களும் உண்டு. 1938 மார்ச்சில், 82 வயதில், சேம்பர்லெய்ன் தி ஃபீல்ட் என்ற சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜபல்பூர், 1875, மழைக்காலம், கறுப்புப் பந்து, கற்றுக்குட்டி என்று கேலி செய்த மாலை எல்லாவற்றையும் விவரித்தார். அவரோடு பணியாற்றிய, அந்த ஆட்டத்தை அவரிடமே கற்ற மூத்த அதிகாரிகள் சிலர் ஆம் என்று எழுதினார்கள். அவர்களில் மேஜர் ஜெனரல்களும் இருந்தார்கள். அடுத்த வருடம் எழுத்தாளர் கொம்ப்டன் மெக்கன்ஸி அந்தக் கதையைப் பில்லியட்ஸ் சஞ்சிகை ஒன்றில் விரிவாக எழுதினார். விவாதம் முடிந்தது. இன்று ஸ்னூக்கர் வரலாற்றின் முதல் பக்கம் அந்தக் கடிதம்தான்.

கவனித்துப் பாருங்கள். நடந்து 63 வருடங்கள். ஜபல்பூரிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் ஆதாரமாக வரவில்லை. ஒரு மனிதரின் நினைவும், அவரது தோழர்களின் கையெழுத்துமே சாட்சி. அது போதுமாக இருந்தது. மொஸ்கோனியின் 526க்கும் அப்படித்தான். படம் பிடித்தவர் யாரும் இல்லை. பார்த்திருந்தவர்கள் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி ஒன்றே ஆதாரம். அறுபத்தைந்து வருடங்கள் அது உலகச் சாதனையாக நின்றது.

அவர் கதையை நான் நம்புகிறேன். நான் யோசிப்பது வேறு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனையும் பூட்டனையும் காட்டு என்று மலையக மக்களிடம் கேட்டார்கள். தாது வருடத்தில் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பதிவைக் கொண்டுவந்து காட்டுவார்கள்? எங்கள் பாட்டன் இந்த லயத்தில்தான் பிறந்தார் என்று முழுத் தோட்டமும் கூடிச் சொல்லியிருக்கும். அது சாட்சியாக எடுபடவில்லை. அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு.

வடக்கில் நான் செய்தி சேகரித்த தாய்மார் கற்றுக்கொண்ட பாடம் இன்னும் கொடியது. கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசைக்கும் முன் அதே கதையைச் சொன்னார்கள். எந்த நாள், எந்தச் சந்தி, எந்த நிற வாகனம், பிள்ளை என்ன உடுத்திருந்தான் என்று எல்லாம் சொன்னார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் சொன்னார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்கள் வீதியில் அமர்ந்தார்கள். பதிலுக்காக இருந்தே பலர் இறந்துபோனார்கள். ஒரு விளையாட்டின் பிறப்பை ஒரு கடிதம் தீர்த்துவைத்தது. பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதை ஆயிரக்கணக்கான சாட்சியங்களால் தீர்க்க முடியவில்லை. நினைவின் பலத்தில் குறை இல்லை. யாருடைய நினைவு என்பதைப் பார்த்துத்தான் கேட்பவர்கள் காது கொடுக்கிறார்கள்.

சேம்பர்லெய்னுக்கே இரண்டும் தெரிந்திருக்கும். ஆளும் தரப்புக்குப் பிடிக்காததை எழுதியபோது பொலிஸ் தலைவரின் அறிக்கையும் அசையவில்லை. ஒருவருக்கும் நோகாத கதையை எழுதியபோது ஓய்வுபெற்ற சேரின் கடிதம் வரலாறாகிவிட்டது.

1944 மே 28இல், 88 வயதில், அவர் இறந்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஸ்னூக்கர் உலகச் சாம்பியன் போட்டிகூட யுத்தத்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

மார்க்கரின் பெயர்

ஜபல்பூரின் அந்த மழைக்கால மாலைகளில் மேசையைச் சுற்றி அதிகாரிகள் மட்டும் நின்றிருக்க மாட்டார்கள். பதினைந்து சிவப்புகளை ஒருவர் அடுக்கியிருப்பார். குழியில் விழுந்த நிறப் பந்தை எடுத்து மறுபடி வைத்தவர் ஒருவர் இருந்திருப்பார். விளக்கைப் பிடித்தவர், புள்ளியைக் கணக்கிட்டவர் இருந்திருப்பார்கள். நிறப் பந்து திரும்ப மேசைக்கு வரவேண்டும், சிவப்பு வரக்கூடாது என்ற ஒழுங்கை ஆட்டத்துக்கு ஆட்டம் கையால் செய்து பார்த்தவர்கள் அவர்கள்தான். 1938இல் எந்தச் சஞ்சிகையும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

லாபிரின் பெயராவது சாம்பியன் பட்டியலில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும். 1973 என்றால் இந்தக் குடியரசுக்கு ஒரு வயது. மலையகத் தோட்டங்களில் பட்டினி நுழைந்த காலமும் அதுதான். அந்த வருடத்தில் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் இந்த நாட்டுக்கு முதல் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தார் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஹற்றன் மாடியில் ஒரு முதியவரின் நினைவில் மட்டும் அது தங்கியிருந்தது.

சில மாதங்களுக்குப் பின் மறுபடி ஹற்றனுக்குப் போனபோது அந்த ஐயாவைத் தேடிப் போனேன். சேம்பர்லெய்னின் கதை முழுவதையும் சொன்னேன். ஊட்டி என்றதும் முகம் மலர்ந்தது. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன அவரது அக்கா குடும்பம் நீலகிரியில்தான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறதாம். அயர்லாந்துப் பகுதியை உன்னிப்பாகக் கேட்டார். கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு, தம்பி எழுதுகிறவர்தானே, தகப்பனாரைப் பற்றியும் எழுதலாமே என்றார். அவர் எந்தக் கிளப்பில் எத்தனை வருடம் மார்க்கராக இருந்தார் என்பதற்கு வீட்டில் ஒரு கடதாசியும் இல்லை, ஆனால் தனக்குத் தெரியும், தன் தம்பிக்கும் தெரியும், இரண்டு பேரும் கையெழுத்து வைக்கிறோம் என்றார். நான் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டேன். இருவரும் கீழே கையெழுத்திட்டார்கள். பெயரை இங்கே போடவேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கொப்பி என்னிடம் இருக்கிறது.